பக்கம் மாறிய வேதமும் நான் சொன்ன சாட்சியும்

கேஸ் தீரும் நிலையில் இருந்தது. அடுப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒன்றரை வயது ஜோயல். முன்னறையில் என் மகள் கிருபா சத்தமாகக் காலை வாசிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

நாங்கள் அப்போது கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலேயே நான்தான் டீச்சர், வேதம்தான் முதல் பாடம்.

முந்தின நாள் சாயந்தரம்தான் எங்கள் வேதப் புத்தகம் பைண்டிங் கடையிலிருந்து வந்திருந்தது. தையல் விட்டுப்போய், தாள்கள் கழன்று விழுந்துகொண்டிருந்த புத்தகம். இப்போது புதுக் காலிக்கோ துணி அட்டையும் பசை வாசனையுமாகக் கிருபாவின் மடியில் இருந்தது. அவள் எப்போதும்போல நடுவில் பிரித்து, ஆடு மேய்க்கிறவரைப் பற்றிய பாட்டை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். வரி வரியாக விரல் நகர்ந்தது. எங்கும் தடங்கல் இல்லை.

ஜோயலின் தம்ளரை எடுக்க முன்னறைக்குப் போனேன். போகிற போக்கில் அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். பக்கத்தில் அந்தப் பாட்டு இல்லை. இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இன்னார் மகன் என்று மூன்று பத்திக்கு வெறும் பெயர்களாக ஓடிக்கொண்டிருந்தது. கிருபாவின் விரல் அந்தப் பெயர்கள்மேல் நிதானமாக நகர்ந்தது. வாய் மட்டும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது.

முதலில் திட்டியது வேறு ஆளை

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த கோபம் பைண்டிங்காரர் மேல்தான். "இந்த மனுஷனுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு? பக்கத்த மாத்தித் தச்சிருக்காரு பாரு" என்று சத்தமாகவே சொன்னேன். தாள்களில் ஒரு முழுக் கட்டையே இடம் மாற்றிக் கோத்துவிட்டார். சாயந்தரம் போய் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினேன்.

கரண்டியைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. பக்கம் மாறியது அவளுக்கு ஏன் தெரியவில்லை?

உப்புமா அடிப்பிடித்தது. அப்படியே விட்டுவிட்டு மறுபடி முன்னறைக்கு வந்தேன். அவள் அடுத்த பாட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில்தான் திருப்பினாள். தலையை ஆட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, அத்தனை அழகாக.



நாங்கள் ஏன் இப்படி வாழ்ந்தோம்

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்கள், "டீச்சருக்குப் படித்தவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்தாரா?" என்று கேட்பார்கள். ஆமாம், வைத்திருந்தேன். நான் பி.எட். முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக ஐந்து வருஷம் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவள். நாலு வயதுப் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்குவதும், அதுகளை எழுப்பி எழுத வைப்பதும்தான் எனக்கு வேலையாக இருந்தது.

என் வீட்டுக்காரர் தாவீது சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் அப்பா முகத்தையே பார்க்காமல் வளரும். எங்கள் சபையில் ஒரு தடவை பெங்களூரிலிருந்து ஒரு பிரதர் வந்து பேசினார். பிள்ளைகளைக் கர்த்தர் கொடுத்தது பெற்றவர்கள் கையில்தான், முதல் பத்து வருஷத்தை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் தாவீது பைக்கை நிறுத்திவிட்டு, "நம்ம கிருபாவ நாமளே பாத்துக்கலாமா எஸ்தரு?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது.

முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். காலையில் ஜெபம், வசனம், பிறகு புளியங்கொட்டையை வைத்துக் கணக்கு. வெள்ளிக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரை. கிளிஞ்சலைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கூட்டலும் கழித்தலும் அங்கேதான் கற்றாள். தாவீதுக்கு மதிய ஷிப்ட் என்றால் காலையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பாடுவோம்.

அப்புறம் ஜோயல் பிறந்தான். ஆபரேஷன். தையல் போட்ட இடம் ஆறவே மூன்று மாதம் ஆனது. தண்ணீரைக் கீழே அடித்து மாடிக்குத் தூக்க வேண்டும். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மிக்சியில் பாதி அரைத்த தேங்காயோடு நான் நின்ற நாட்களுக்குக் கணக்கே இல்லை. கீழ் வீட்டு அக்கா தினமும் படியில் பிடித்துக்கொள்வார். "இன்னா படிக்குது பாப்பா? நீ டீச்சரு, வூட்டுலயே வச்சிக்கினு இருக்கியே, நாளைக்கி எவன் வேல குடுப்பான்?" என்பார். சிரித்துக்கொண்டே மேலே ஏறுவேன். ஏறி முடிக்கும்போது அழுகை வரும்.

பள்ளிக்கூட டீச்சர் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டு டீச்சர் எங்கே போவது?

கேட்டதும் தோத்திரம்

அந்த நாட்களில்தான் ஒரு காலை, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கிருபா தானாகவே வேதத்தை எடுத்து நடுவில் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஐந்தரை வயது. நான் உயிரெழுத்தைத் தாண்டி மெய்யெழுத்தில் பாதியில் விட்டிருந்தேன். அவளோ முழுப் பாட்டையும் வாசித்தாள். அடுத்த நாள் இன்னொன்று. தாவீது கேட்டுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். தினமும் அதே முப்பது பகுதிகளை அவள் காதில் நானேதான் ஓதினேன். வயிற்றில் இருந்ததிலிருந்து கேட்ட பிள்ளை. யோசிக்கவில்லை. அசதி ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு அது வேண்டியிருந்தது. இத்தனை பாடுகளுக்கும் ஒரு பலன் கண்ணெதிரே வந்து நின்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

பார்த்து எழுது என்றால் முத்து முத்தாக எழுதினாள். எழுதவில்லை, வரைந்தாள் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் சபைக்குச் சிதம்பரத்தில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை உபவாசக் கூட்டம் நடக்கும். கடலூர், புவனகிரி, குமராட்சி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். மதியம் சாட்சி நேரம். தங்கள் வீட்டில் நடந்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மொத்தக் கூட்டமும் "தோத்திரம்" என்று சொல்லும்.

நான் எழுந்து சொன்னேன். "எழுத்துக்கூட்டச் சொல்லிக் குடுக்கல. வேதத்தைக் கேட்டே எம்பொண்ணு வாசிக்கக் கத்துக்கிட்டா. பள்ளிக்கூடம் இல்லாமலே கர்த்தர் கத்துக் குடுத்தார்." கிருபாவை மைக் முன்னால் நிறுத்தினோம். அவள் வாசித்தாள். அன்று எழுந்த தோத்திரச் சத்தம் மாதிரி நான் முன்பும் பின்பும் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. அதை வேறு எந்த நல்ல பெயரிலும் சொல்ல முடியாது.

அதன்பிறகு ஒன்றரை வருஷம், போகிற இடமெல்லாம் அவளை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள்.

வெல்லம் கட்டி வந்த தாள்

உப்புமா தீய்ந்த காலைக்குத் திரும்புகிறேன். மளிகைக் கடையில் வெல்லம் கட்டிக் கொடுத்த நியூஸ் பேப்பர் துண்டு ஒன்று மேடையில் கிடந்தது. அதைப் பிரித்து நீவி அவள் முன்னால் வைத்தேன்.

"இத வாசிடா கண்ணு."

அவள் தாளைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, திருட்டுத்தனம் இல்லை. நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டேன் என்பதுபோலச் சொன்னாள்.

"இத நீ இன்னும் சொல்லிக் குடுக்கலியேம்மா. அப்புறம் எப்பிடி வாசிக்கறது?"

அவள் ஏமாற்றவே இல்லை. யாராவது சொல்லக் கேட்டு, விரல் வைத்து, திருப்பிச் சொல்வதற்குப் பெயர்தான் வாசிப்பு என்று நினைத்திருந்தாள். நானும் அதைப் பார்த்து வாசிப்பு என்று நினைத்தேன். அவளுக்கு ஏழு வயது. எனக்கு முப்பத்து மூன்று, பி.எட். வேறு.

அன்று தாவீது காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தார். சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "வெளிய யாருகிட்டயும் சொல்லாத. ரெண்டு மாசத்துல கத்துக் குடுத்துடு. அப்ப சொன்ன சாட்சி நெசமாயிடும்ல?" என்றார்.

அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன். வாதாடத் தெம்பில்லை.

மறுநாள் அட்டையை வெட்டி எழுத்துகள் எழுதினேன். "புது வெளையாட்டு" என்றேன். ஏன் இந்த விளையாட்டு என்று கிருபாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மரகதம் அக்கா

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனோம்.

செருப்பு விடும் இடத்திலேயே ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மரகதம் அக்கா. கிள்ளைப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர். அலை வந்து வீட்டை அடித்துக்கொண்டு போன பிறகு சிதம்பரத்துக்கு வந்து, தெருத் தெருவாகக் கருவாடு விற்று மகளை வளர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கு கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரலைத்தான் நீட்டுவார். பக்கத்தில் மகள் செல்வி, ஒன்பது வயது, ரெட்டைச் சடை.

"சிஸ்டரு, ஒங்களத்தான் தேடிக்கினு இருந்தேன். இவள ஸ்கூல்லேருந்து நிறுத்திட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்குக்கா?"

"எதுக்கா? நீங்க சாட்சி சொன்னீங்களே! அன்னியிலேருந்து மனசுல அதேதான். இப்பத்தான் தெகிரியம் வந்துது. ரெண்டு மாசம் ஆச்சு. பக்கத்து வூட்டுத் தம்பி செல்லுல வசனத்தப் போட்டுக் குடுத்துச்சு. நான் யாவாரத்துக்குப் போறப்ப இவ கேட்டுக்கினே வூட்டுல இருப்பா. ஒங்க பாப்பா கணக்கா வந்துடுவால்ல?"

செல்வி அதற்குள் ஜோயலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த ரத்ததான முகாம் நோட்டீஸை அவனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாள், நேரம், இடம், அடியில் அச்சகத்தின் பெயர் வரை வாசித்தாள். பிறகு கிருபாவிடம், "நீ எத்தினாவது?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுல எத்தினாவது எல்லாம் கெடையாது" என்றாள் கிருபா.

"நான் நாலாவது. எங்க டீச்சரு வூட்டாண்ட வந்து கூப்ட்டாங்க. அம்மாதான் அனுப்பல" என்றாள் செல்வி. சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை.

என் பிள்ளைக்கு எழுத்து வராவிட்டால் சொல்லிக் கொடுக்க வீட்டில் நான் இருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு செல்போன் இருக்கிறது. அந்தக் காலை முழுவதும் ஜெபத்தில் கண்ணை மூடினால் இதுதான் ஓடியது.

தோத்திரம் வராத சாட்சி

சாட்சி நேரம் வந்தது. நான் எழுந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து தாவீது என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மைக்கை வாங்கிக்கொண்டேன். உபவாச நாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

"நான் முன்னாடி சொன்ன சாட்சி தப்பு. எம்பொண்ணுக்கு வாசிக்கத் தெரியாது. மனப்பாடமா சொல்றத வாசிக்கிறான்னு நெனச்சிட்டேன். கர்த்தர் மேல தப்பில்ல. நான்தான் சரியாப் பாக்கல" என்றேன்.

அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவரும் தோத்திரம் சொல்லவில்லை.

பாஸ்டர் மைக்கை வாங்கி, "சிஸ்டர் ரொம்பக் களைப்பா இருக்காங்க. ஒக்காருங்கம்மா" என்றார். களைப்புதான். ஏழு வருஷக் களைப்பு. ஆனால் நான் பேசியது களைப்பில் இல்லை என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து மரகதம் அக்கா எழுந்துவிட்டார். அவருக்கு மைக் எல்லாம் தேவையில்லை. தெருவில் கூவிப் பழகிய குரல்.

"அப்ப எம்பொண்ண நான் என்னா பண்றது சிஸ்டரு?"

"திங்கக்கெழமையே ஸ்கூல்ல சேத்துடுங்கக்கா."

"ரெண்டு மாசம் போச்சே! ஒங்க பேச்சக் கேட்டுத்தான நிறுத்தினேன்?"

"ஆமாக்கா. என்னாலதான் போச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் கொஞ்சம் அதிகச் சத்தமாகவே பாடினார்கள்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினமாதிரி இருந்தது. அப்பாடா, சொல்லிவிட்டேன் என்று மூச்சு விட்டு, பிள்ளைகள் உட்காரும் முன்பாயைப் பார்த்தேன்.

கிருபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சத்திரம் தாண்டி

கடலூர் பஸ்ஸில் தாவீது ஜோயலோடு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். என்னோடு பேசவில்லை. கிருபா ஜன்னலோரம், நான் பக்கத்தில். வெள்ளாறு போனது, சவுக்குத் தோப்பு போனது. முறுக்கு வாங்கித் தரவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

புதுச்சத்திரம் தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதாம்மா?"

வாசிக்கத் தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது. ஒரு மாதமாக அட்டையை வைத்துக்கொண்டு விளையாட்டு காட்டினேனே தவிர, நான் அவளிடம் சொல்லவே இல்லை. நூறு பேர் எதிரில் மைக்கில்தான் சொன்னேன். அவளும் அந்த நூறு பேரோடு உட்கார்ந்துதான் கேட்டாள்.

"எல்லாருக்கும் சொன்னியே. எனக்கு மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்டி. தப்பு அம்மா மேலதான்" என்றேன். அவள் கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கை என் கையில் சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

செல்வி அந்த வாரமே பள்ளிக்கூடம் போய்விட்டாள். "டீச்சரு என்ன நாலு திட்டு திட்டிட்டுச் சேத்துக்கினாங்க" என்று மரகதம் அக்காவே போன் பண்ணிச் சொன்னார். பிறகு கூட்டத்தில் பார்த்தால் சிரிப்பார். முன்னைப்போலக் கையைப் பிடிக்க மாட்டார். தாவீது சமாதானமாக ஒரு வாரம் ஆனது. "நீ செஞ்சதுதான் சரி" என்று அவர் வாயால் வர ஒரு வருஷம் ஆனது.

கிருபா மூன்றே மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். இந்தத் தடவை பெயர்ப் பலகை, பஸ் போர்டு, மாத்திரை அட்டை எல்லாம் காட்டிச் சோதித்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை வீட்டில்தான் படித்தாள். எங்கள் காலை ஜெபமும் நிற்கவில்லை. ஆனால் அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு அவள் என் எதிரில் வேதத்தை வாய்விட்டு வாசித்ததே இல்லை. அவள் முறை வந்தால் புத்தகத்தை என் பக்கமும், ஜோயல் வாசிக்கக் கற்ற பிறகு அவன் பக்கமும் நகர்த்திவிடுவாள். நானும் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு வற்புறுத்துவது?

இந்த அத்தியாயத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் கொடுத்தேன். இப்போது வேலைக்குப் போகிற பெண். நின்றபடியே முழுவதும் வாசித்தாள், மனசுக்குள்தான். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"போடலாமாடி?" என்று கேட்டேன்.

தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"போடு. இந்தத் தடவயாச்சும் மொதல்ல எங்கிட்ட சொன்னியே" என்றாள்.